பங்குனியில் கூந்தன்குளம்: பறவையும் பூவும் பார்க்க ஒரு முழுமையான நடை வழிகாட்டி

திருநெல்வேலிச் சீமையில் பங்குனி பிறக்கும்போது பிசான நெல் அறுவடை முடிந்து வயல்கள் காலியாகிவிடும். வேம்பு பழைய இலையை உதிர்த்துத் துளிர்விட்டுப் பூக்கும். பனையில் பதநீர் இறங்கும். கூந்தன்குளத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். ஊருக்குள், வீட்டு வாசலில் நிற்கும் வேம்பிலும் புளியிலும் கூடு கட்டிய நாரைகள் நாள் முழுக்கக் குஞ்சுகளுக்கு மீன் சுமந்து வந்துகொண்டிருக்கும். பூவையும் பறவைக் கூட்டையும் ஒரே மரத்தில் நிமிர்ந்து பார்க்கலாம்.

பெரும்பாலோர் இங்கே டிசம்பர், ஜனவரியில் வலசைப் பறவை பார்க்க வருகிறார்கள். அதுவும் நல்ல காலம்தான். ஆனால் ஒரே ஒரு தடவைதான் வர முடியும் என்று யாராவது கேட்டால் நான் பங்குனியைத்தான் சொல்வேன். மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை. வடக்கே திரும்பும் பறவைகளில் கொஞ்சம் இன்னும் மிச்சமிருக்கும், உள்ளூர்ப் பறவைகள் இனப்பெருக்க நிறத்தில் இருக்கும், குளத்து நீர் வற்றத் தொடங்கி மீன்கள் ஓரிடத்தில் சேர்வதால் பறவைகளும் சிதறாமல் கூடி நிற்கும்.

இடமும் வழியும்

கூந்தன்குளம் நாங்குநேரி வட்டத்தில், மூலைக்கரைப்பட்டிப் பக்கம் இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். கூந்தன்குளம், காடன்குளம் என்ற இரண்டு குளங்களும் சேர்ந்ததுதான் சரணாலயம். பரப்பு சுமார் 129 ஹெக்டேர். 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த செய்தியும் வந்தது. இந்த அறிவிப்புகளுக்கெல்லாம் வெகுகாலம் முன்பிருந்தே ஊரார் இந்தப் பறவைகளைக் காத்து வருகிறார்கள். பறவை வந்து கூடு கட்டினால் ஊருக்கு நல்லது என்பது இங்குள்ள நம்பிக்கை. பறவைகள் மிரளும் என்று வெடி போடுவதைத் தவிர்க்கிறார்கள். பறவை எச்சம் கலந்த குளத்து நீர் வயலுக்கு உரமாகப் போகிறது என்பதும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

விடியும்போது குளத்தங்கரையில் நிற்க வேண்டும் என்பதால் சொந்த வண்டியோ வாடகை வண்டியோ இருப்பது நல்லது. இந்த மாதத்தில் சூரியன் காலை 6.15 வாக்கில் எழும். அதற்கு அரை மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

கிளம்புவதற்கு முன் ஒரு விசாரிப்பு

குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்து, மணிமுத்தாற்றுத் தண்ணீரும் வந்து சேர்ந்த ஆண்டில்தான் பறவைகள் நிறையக் கூடு கட்டும். மழை பொய்த்த ஆண்டில் வெறும் தரையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். வனத்துறையிடமோ, அந்தப் பக்கத்து நண்பர்களிடமோ ஒரு வார்த்தை விசாரித்தால் போதும்.

கொண்டுபோக வேண்டியது அதிகமில்லை. தண்ணீர், தொப்பி, வெளிறிய காக்கியோ பச்சையோ சட்டை, முள் ஏறாத செருப்பு அல்லது ஷூ (கரையில் சீமைக்கருவேல முள் கிடக்கும்), ஒரு சிறு நோட்டு, பென்சில். பைனாகுலர் புதிதாக வாங்குவதானால் 8x42 வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும், 42 மில்லிமீட்டர் கண்ணாடி விடியல் வெளிச்சத்திலும் நன்றாக ஒளியைப் பிடிக்கும். பத்து மடங்கு வாங்கினால் புதிதாகப் பார்ப்பவர்களுக்குக் கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும். பைனாகுலர் இல்லையென்றாலும் வரலாம். ஊருக்குள் இருக்கும் கூடுகளைப் பார்க்க வெறும் கண்ணே போதும்.

முதல் படி: சூரியனை முதுகுக்குப் பின்னால் வையுங்கள்

குளத்தை அடைந்ததும் பறவை தெரிகிற திசையில் உடனே நடக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். சூரியன் எந்தப் பக்கம் எழப்போகிறது என்று பார்த்து, அது முதுகுக்குப் பின்னால் வரும்படி இடம் பிடியுங்கள். வெளிச்சத்தை எதிர்த்து நின்றால் நாரையும் கருநிழல், நீர்க்காகமும் கருநிழல். சரியான பக்கம் நின்றால் மஞ்சள் மூக்கு நாரையின் வால்பக்கத்து ரோஜா நிறம்வரை தெரியும்.

அப்புறம், கரையின் உச்சியில் நிமிர்ந்து நடக்காதீர்கள். வானத்தின் பின்னணியில் ஆள் உருவம் தெரிந்தால் வாத்துகள் உடனே நகர்ந்துவிடும். கரைச் சரிவிலோ மரத்தடியிலோ உட்கார்ந்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் அவை உங்களை மறந்துவிடும். வனத்துறையின் காட்சிக் கோபுரம் இருக்கிறது. குளத்தின் முழு அமைப்பையும் ஒரு முறை அதில் ஏறிப் பார்த்துக்கொள்வது நல்லது. ஆனால் காலைப் பொழுதை அங்கேயே கழித்துவிட வேண்டாம்.

இரண்டாம் படி: தண்ணீரின் ஆழத்தைப் பார்த்துப் பறவையைத் தேடுங்கள்

இந்த நடையில் ஒரே ஒரு உத்தியைத்தான் மனதில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். குளத்து நீர் நடுவில் ஆழமாகவும், ஓரத்துக்கு வர வரக் குறைந்தும், கடைசியில் சேறாகவும் காய்ந்த தரையாகவும் முடியும். ஒவ்வொரு ஆழத்துக்கும் ஒவ்வொரு கூட்டம். நடுவிலிருந்து கரைவரை வரிசையாகப் பார்த்துவந்தால் பெயர் தெரியாத பறவையைக்கூட இன்ன வகை என்று ஊகித்துவிடலாம்.

ஆழ நீரில் கூழைக்கடாக்கள் மிதக்கும். அலகுக்குக் கீழே தொங்கும் பையால் மீனை நீரோடு அள்ளி, அலகைச் சாய்த்து நீரை வடித்துவிட்டு விழுங்குவதைப் பாருங்கள். கழுத்து மட்டும் நீருக்கு மேலே நெளிந்து போனால் அது பாம்புத்தாரா. அதுவும் நீர்க்காகமும் முங்கி எழுந்தபின் பட்டுப்போன கிளைகளில் சிறகை விரித்து உலர்த்தும். இறகு நனையும் தன்மை உள்ளதால்தான் இந்த வேலை. நாமக்கோழிகளும் முக்குளிப்பான்களும் இங்கேதான். முக்குளிப்பானின் கழுத்து இந்த மாதங்களில் செங்காவி நிறத்துக்கு மாறியிருக்கும். குளிர்காலத்தில் பார்த்தவர்களுக்கு வேறு பறவையோ என்று தோன்றும்.

முழங்கால் ஆழத்தில் நீண்ட கால்காரர்கள். இங்கே நிறைய நேரம் செலவழியுங்கள். மஞ்சள் மூக்கு நாரை அலகைப் பாதி திறந்து நீருக்குள் விட்டுப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டே நடக்கும். கண்ணால் தேடுவதில்லை. மீன் அலகில் பட்ட நொடியில் படக்கென்று மூடும். ஒரு காலால் சேற்றைக் கிளறி மீனைக் கிளப்பிவிடுவதும் உண்டு. இந்த முறைக்குக் குறைந்த நீரும் நெருக்கமான மீனும் வேண்டும். குளம் வற்றும் காலமும் குஞ்சு வளரும் காலமும் ஒன்றாக வருவதன் கணக்கு இதில் இருக்கிறது. பக்கத்திலேயே கரண்டிவாயன் தட்டையான அலகை இடமும் வலமும் வீசிக்கொண்டு போகும். அந்த ஆண்டு பூநாரைகள் வந்திருந்தால் அவையும் இதே ஆழத்தில், தலையைத் தலைகீழாக நீரில் விட்டு வடிகட்டித் தின்றுகொண்டிருக்கும்.

இன்னும் ஓரத்தில் பவழக்கால் உள்ளான்கள். உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீளத்தில் சிவந்த கால்கள். ஈரச் சேற்றில் சின்ன உள்ளான்கள் ஓடி ஓடிக் கொத்தும். இவற்றில் பல வலசை வந்தவை, ஒரு சில வாரங்களில் வடக்கே கிளம்பிவிடும். காய்ந்த தரையில் ஆள்காட்டி. நீங்கள் வருவதை ஊருக்கெல்லாம் அறிவிப்பது அதுதான். அது விடாமல் கத்தினால் பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கலாம். தரையில் சில கற்களை வைத்து அதன் நடுவில் முட்டையிடும் பறவை அது. காலடி பார்த்து, வந்த வழியே பின்வாங்குங்கள்.

மார்ச் மாதத்தில் வந்தால் வரித்தலை வாத்துகளைத் தவறவிடாதீர்கள். வெள்ளைத் தலையில் பின்பக்கம் இரண்டு கறுப்புக் கோடுகள். திபெத், மங்கோலியா, லடாக் பகுதிகளில் குஞ்சு பொரிப்பவை, இமயத்தைக் கடந்து பறந்து வருபவை. கரையோரப் புல்லை மேய்ந்துகொண்டு அவை நிற்பதைப் பார்க்கும்போது அந்தத் தூரத்தை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். ஏப்ரலில் அநேகமாகக் கிளம்பியிருக்கும்.

மூன்றாம் படி: ஊருக்குள் மெதுவாக

ஏழரை மணிக்கு மேல் ஊருக்குள் வாருங்கள். எந்தத் தெரு என்று கேட்கத் தேவையில்லை. சுண்ணாம்பு தெளித்ததுபோல் வெளுத்த மரத்தடிகளும், குஞ்சுகளின் இரைச்சலும் வழிகாட்டும். வளர்ந்த நாரைகளுக்குக் குரல் கிடையாது என்றே சொல்லலாம். அலகைப் படபடவென்று தட்டித்தான் பேசிக்கொள்ளும். சத்தமெல்லாம் குஞ்சுகளுடையது.

ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து அங்கேயே நில்லுங்கள். மரம் மரமாக ஓடினால் எல்லா மரத்திலும் ஒரே காட்சிதான் தெரியும். ஒரே கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதன் குடும்ப நடப்பே தெரியும். குச்சிகளை அடுக்கிய தட்டையான கூடு. அதில் இரண்டு மூன்று குஞ்சுகள். மிகச் சின்னவை வெள்ளைத் தூவியோடு இருக்கும், வளர வளரச் சாம்பலும் பழுப்புமாக மாறும். பெற்றோருக்கு உள்ள மஞ்சள் அலகும், ஆரஞ்சு முகமும், மார்பின் கறுப்புப் பட்டையும் வர இன்னும் காலமாகும். இரையோடு வந்த நாரை கூட்டின் நடுவில் தலையைத் தாழ்த்தி மீனைக் கக்கும். குஞ்சுகள் தலையை மேலும் கீழும் ஆட்டிக் கெஞ்சி, முந்தியது எடுத்துக்கொள்ளும்.

வெயில் ஏறியதும் இன்னொரு காட்சி. தாயோ தந்தையோ கூட்டின் விளிம்பில் சூரியன் பக்கம் முதுகு காட்டி நின்று, இரண்டு சிறகையும் பாதி விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தரும். சூரியன் நகர நகர அதுவும் இடம் மாறிக்கொள்ளும். குளத்திலிருந்து வாயில் நீர் கொண்டுவந்து குஞ்சுகளின் மேல் ஊற்றுவதும் உண்டு. வேம்பு இலை உதிர்த்த காலத்தில் தொடங்கிய கூடுகளுக்கு மரத்தின் நிழல் குறைவு. துளிர் தடித்து வரும்வரை இந்தச் சிறகு நிழல்தான் பாதுகாப்பு.

குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களிலும் கூடுகள் நிறைய. கூழைக்கடாவின் குஞ்சு பெற்றோரின் அலகுப் பைக்குள் தலையையே நுழைத்து மீன் எடுப்பதைப் பைனாகுலர் வழியாகப் பாருங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இவை மக்கள் குடியிருக்கும் வீடுகள். வாசலில் நின்று நிமிர்ந்து பார்க்கும் முன் வீட்டாரிடம் "பறவை பாக்க வந்தோம், கொஞ்ச நேரம் நிக்கலாமாக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எச்சம் விழும், நாற்றம் அடிக்கும், மீன்துண்டு வாசலில் விழும். அத்தனையையும் அவர்கள் மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்வதால்தான் நமக்கு இந்தக் காட்சி கிடைக்கிறது. மரத்தைத் தட்டுவது, கல் எறிவது, கை தட்டிப் பறக்கவைத்துப் படம் எடுப்பது, டிரோன் விடுவது எதுவும் கூடாது. பெரிய பறவை மிரண்டு எழுந்தால் குஞ்சு கீழே விழும். தவறி விழுந்த குஞ்சைப் பார்த்தால் நீங்களே தூக்கி உணவு கொடுக்க முயல வேண்டாம். வனத்துறைப் பணியாளரிடம் சொல்லுங்கள்.

நான்காம் படி: பூமரத்தடியில் நிற்பது

பூவைப் பார்க்க எட்டு மணிக்கு மேல்தான் நல்ல நேரம். வெயில் பட்டதும் தேனீக்கள் வரும், தேனீக்களைத் தேடிப் பறவைகள் வரும்.

வேம்பில் தொடங்குங்கள். கைக்கு எட்டும் ஒரு கொத்தை ஒடிக்காமல் கண் பக்கம் வளைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பூவும் ஒரு மிளகு அளவு மொட்டாக இருந்து ஐந்து வெள்ளை இதழாக விரிந்திருக்கும். நடுவில் மகரந்தத் தாள்களெல்லாம் ஒட்டி ஒரு குட்டிக் குழாயாக நிற்கும். மணம் மாலையிலும் இரவிலும்தான் தூக்கலாக வரும், காலையில் மரத்தடியில் நின்றால் லேசாகத் தெரியும். தரையில் சேலையோ சாக்கோ விரித்திருந்தால் மிதித்துவிடாதீர்கள். உதிரும் பூவைச் சேர்த்துக் காயவைக்கிறார்கள். சித்திரை முதல் நாள் பச்சடிக்கும், ஆண்டு முழுக்க ரசத்துக்கும் அதுதான்.

பூத்த வேம்பின் பக்கத்துக் கம்பியில் பச்சைப் பஞ்சுருட்டான் உட்கார்ந்திருக்கும். தேனீயைப் பறந்து பிடித்து, பழைய இடத்துக்கே திரும்பி, கம்பியில் அடித்து அடித்துக் கொடுக்கை நீக்கிவிட்டு விழுங்கும். இந்தக் காலத்தில் அது மண்சரிவில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும். வாய்க்கால் ஓரத்து மண்மேட்டிலோ மண் வெட்டி எடுத்த பள்ளத்தின் சுவரிலோ சின்ன ஓட்டை தெரிந்தால் தள்ளி உட்கார்ந்து காத்திருங்கள். வாயில் பூச்சியோடு வந்து, உங்களைப் பார்த்தால் உள்ளே போகாமல் கம்பியிலேயே தயங்கும். அப்படித் தயங்கினால் நீங்கள் மிக அருகில் இருக்கிறீர்கள் என்று பொருள். இன்னும் விலகுங்கள்.

புங்கமரம் இந்த மாதத்தில் பளபளக்கும் புதுத்தளிரோடு பூக்கும். மேலே பார்ப்பதைவிடத் தரையைப் பாருங்கள். வெளிறிய இளஞ்சிவப்பில் பூக்கள் உதிர்ந்து பரவியிருக்கும். பூவரசில் அன்று விரிந்த பூ மஞ்சளாகவும், வாடத் தொடங்கியது சிவப்பாகவும் ஒரே கிளையில் இருக்கும். சரக்கொன்றைக்குச் சித்திரைதான் காலம். ஏப்ரலில் வருபவர்களுக்குக் கிடைக்கும்.

யாரும் நின்று பார்க்காத பூக்களும் உண்டு. கரையோரத்து எருக்கு. அதன் பக்கத்தில் கொஞ்சம் நின்றால் ஊதாத் தேன்சிட்டின் ஆண் வரும். தூரத்தில் கறுப்பு, வெயில் பட்டால் ஊதாவும் நீலமுமாக மின்னும். வயல் வரப்பில் கொழுஞ்சியின் ஊதாப் பூ, காய்ந்த மேட்டில் ஆவாரை. நீரோரத்தில் நெய்வேலிக் காட்டாமணக்கின் வெளிறிய ஊதாப் பூவும் கண்ணைக் கவரும். ஆனால் அது வெளியிலிருந்து வந்து குளங்களை அடைத்துக்கொள்ளும் செடி. பரவப் பரவ ஓரத்து ஆழம் குறைந்த நீர் பறவைக்கு இல்லாமல் போகும். சீமைக்கருவேலத்தின் கதையும் அதேபோலத்தான், அதன் பூவில் தேனீ எவ்வளவு மொய்த்தாலும்.

ஐந்தாம் படி: வயலும் பனையும்

குளத்து மடையிலிருந்து கால்வாய் போகும் வழியே சிறிது தூரம் நடந்தால் அறுவடை முடிந்த வயல்கள். மாடு மேயும் இடத்தில் உண்ணிக்கொக்குகள் காலடியில் எழும் பூச்சிக்காகக் கூடவே நடக்கும். தலையும் கழுத்தும் ஆரஞ்சாக மாறியிருக்கும். ஆண்டு முழுக்க மண்ணோடு மண்ணாக உட்கார்ந்திருக்கும் மடையானுக்கும் முதுகில் அரக்குச் சிவப்பு ஏறியிருக்கும். பனங்காடை மின்கம்பியிலிருந்து மேலே பறந்து, கரகரத்துக் கத்திக்கொண்டு புரண்டு கீழே விழுவதுபோல் இறங்கும். ஜோடியைக் கவரும் வித்தை அது. மொட்டைப் பனையின் பொந்தில் கூடு வைக்கும்.

பனைகளுக்கு மேலே மெலிந்த சிறகோடு சுற்றுபவை பனை உழவாரன்கள். தொங்கும் காய்ந்த ஓலையில் எச்சிலால் ஒட்டிக் கூடு கட்டுபவை. ஓலை வெட்டாத ஓரிரு பனைகள் ஒரு தோட்டத்தில் இருப்பதே இவற்றுக்குப் பெரிய உதவி.

வழியில் பதநீர் இறக்குபவர் இருந்தால் வாங்கிக் குடியுங்கள். புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கியதை ஓலைப் பட்டையில் ஊற்றித் தருவார்கள். காலையிலேயே குடித்தால்தான் ருசி. பத்து மணிக்குள் வெயில் தாங்க முடியாமல் போகும். அதற்கு மேல் நடக்க வேண்டாம். பறவைகளும் ஒடுங்கிவிடும்.

மாலைக்கு ஒரு சுற்று

நாலரை மணிக்கு மேல் திரும்ப வாருங்கள். இப்போது சூரியன் எதிர்ப்பக்கம் என்பதால் காலையில் நின்ற கரைக்கு எதிர்க்கரை பொருந்தும். தூரத்துக் குளங்களில் இரை தேடப் போன நாரைகள் வெப்பக் காற்றில் சுற்றிச் சுற்றி இறங்கும். அரிவாள் மூக்கன்கள் வரிசையாக வரும். ஆலாக்கள் நீருக்கு மேலே தாழப் பறந்து கொத்தும். மீசை ஆலாவின் தலை ஏப்ரலில் கறுத்து வயிறும் கருஞ்சாம்பலாகும். இருட்டும்போது எல்லாரும் திரும்ப, வக்கா மட்டும் "குவாக்" என்று கத்திக்கொண்டு வேலைக்குக் கிளம்பும்.

குறிப்பு எழுதுவது

பெயர் தெரியவில்லையே என்று நிற்காதீர்கள். எந்த ஆழத்தில் நின்றது, கால் நிறம், அலகின் வடிவம், என்ன செய்துகொண்டிருந்தது என்ற நாலையும் அந்த இடத்திலேயே எழுதுங்கள். வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தில் தேடினால் அநேகமாகக் கிடைத்துவிடும். எந்தத் தேதியில் எந்த மரம் பூத்திருந்தது, கூட்டில் குஞ்சு எந்த அளவில் இருந்தது என்றும் சேர்த்து எழுதுங்கள். இரண்டு மூன்று ஆண்டுக் குறிப்புகள் சேர்ந்தால், மழை முந்திய ஆண்டும் பிந்திய ஆண்டும் உங்கள் நோட்டிலேயே தெரியும். இ-பேர்ட் தளத்தில் பட்டியலைப் பதிவிட்டால் ஆய்வாளர்களுக்கும் பயன்படும். ஆனால் அரிய பறவையின் கூடு இருக்கும் இடத்தைச் சமூக ஊடகத்தில் போட வேண்டாம்.

குளம் வற்றியிருந்தால்

அதே திருநெல்வேலி மாவட்டத்தில் திருப்புடைமருதூருக்குப் போங்கள். தாமிரபரணிக் கரையில், நாறும்பூநாதர் கோயிலை ஒட்டிய மருத மரங்களில் கொக்கும் நாரையும் கூடு கட்டும். 2005-இல் நாட்டின் முதல் பாதுகாப்பு இருப்பிடமாக (கன்சர்வேஷன் ரிசர்வ்) அறிவிக்கப்பட்ட இடம் அது. இங்கே குளத்தைச் சுற்ற வேண்டியதில்லை, ஆற்றங்கரைப் படியில் உட்கார்ந்தே பார்க்கலாம். திருநெல்வேலி நகரத்துக்குள்ளேயே நயினார்குளமும் இருக்கிறது. பேருந்தில் இறங்கி நடக்கும் தூரத்தில் கூழைக்கடா பார்க்க அது வசதி. சித்திரை கடைசியில் போவதானால் திருப்புடைமருதூரையே முதலில் வைத்துக்கொள்ளுங்கள், ஆற்றில் அப்போதும் கொஞ்சம் தண்ணீர் ஓடும்.